திருநெல்வேலி மையத்தின் ஊடே விரைவுப் பஸ் தடம் போடுவது எப்படி

நகர மையத்துக்குள் விரைவுப் போக்குவரத்து என்று பேச்செடுத்தால் முதல் சண்டை வண்டியைப் பற்றித்தான் வரும்: மெட்ரோவா, லைட் மெட்ரோவா, தனிப்பாதையில் ஓடும் பஸ்ஸா என்று. திருநெல்வேலியில் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே தடத்தைத் தீர்மானிப்பவை ஆறும் ரயில்பாதையும். பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் (ரயில் நிலையப் பகுதி) நடுவில் தாமிரபரணி. ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் (நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர்) நடுவில் தண்டவாளம். எந்த வண்டி வந்தாலும் இந்த இரண்டையும் தாண்டியாக வேண்டும். தாண்டுகிற இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே பஸ் நிற்காமல் போக வழி செய்துவிட்டால், மற்ற இடங்களில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தடம் பிழைத்துக்கொள்ளும். அங்கே கோட்டைவிட்டால் மீதித் தூரம் முழுக்க சிமெண்ட் கொட்டினாலும் பயணிக்கு ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது.

குறுகல்களை முதலில் குறியுங்கள்

மாநகர வரைபடத்தை எடுத்து, சாலைகளை மறந்துவிட்டு, ஆற்றையும் நான்கு ரயில்பாதைகளையும் (மதுரை, நாகர்கோவில், தென்காசி, திருச்செந்தூர்) மட்டும் தடித்த கோடாக வரையுங்கள். பிறகு அவற்றைத் தாண்டும் இடங்களைப் புள்ளி வையுங்கள். வண்ணார்பேட்டைப் பக்கத்தையும் ஜங்ஷனையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் முதல் புள்ளி. 1843-ல் திறந்த பதினோரு வளைவுப் பாலம் அது. நெரிசல் தாங்காமல் பக்கத்திலேயே புதிய பாலமும் போட்டாயிற்று. வடக்குப் புறவழிச்சாலைப் பாலம் இரண்டாவது. ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் இடையே ஈரடுக்கு மேம்பாலம் மூன்றாவது. பிறகு கேட்டுகள்: நாகர்கோவில் பாதையில் குலவணிகர்புரம், திருச்செந்தூர் பாதையில் தியாகராஜநகர்.

ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். சாலையின் மிகக் குறைந்த அகலம். காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 7.30 வரையும் வண்டி வரிசையின் வால் எதுவரை நீள்கிறது. அந்த இடத்தைக் கடக்க பஸ்ஸுக்கு ஆகும் நேரம். அடைத்துக்கொண்டால் வேறு வழி உண்டா என்பது. இவற்றில் வால்தான் முக்கியம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, எந்த மின்கம்பம் வரை வரிசை நிற்கிறது என்று கம்பத்தின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். மூன்று வேலைநாட்கள் பார்க்கவேண்டும். முகூர்த்த நாளும், தீபாவளிக்கு முந்தைய ஜவுளிக்கடைக் கூட்டமும் தனிக் கணக்கு. அவற்றை இதோடு கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

வாலை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், பஸ்ஸுக்கான தனித்தடம் அகலமான இடத்தில் அல்ல, வரிசை நிற்கும் இடத்தில்தான் தேவை. நடைமுறையில் நடப்பது நேர்மாறு. புறவழிச்சாலை மாதிரி அகலமான இடத்தில் அழகாகத் தனித்தடம் போட்டு, படம் எடுத்து, பாலத்தின் வாயில் வந்ததும் "இனி எல்லாரோடும் சேர்ந்து போ" என்று பஸ்ஸை விட்டுவிடுவார்கள். நெரிசல் இல்லாத இடத்தில் பஸ்ஸுக்குத் தனித்தடம் கொடுத்து யாருக்கு லாபம்?

பாலத்தின் மேலேயே தனித்தடம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அகலம் பற்றாத பாலத்துக்குச் செய்யவேண்டியது வேறு. வரிசையின் வால் முடிகிற இடத்திலிருந்து இன்னும் 40, 50 மீட்டர் பின்னால் தொடங்கி, பாலத்தின் வாய்வரை பஸ் தடத்தைக் கொண்டுவாருங்கள். வாயில் ஒரு சிக்னல். பஸ்ஸுக்கு மட்டும் 8 முதல் 10 வினாடி முன்பச்சை. பஸ் முதலில் ஏறிவிடும். மற்ற வண்டிகள் அதன் பின்னால் வரும். கூடவே, பாலம் தாங்குகிற அளவுக்கு மேல் வண்டிகளை உள்ளே விடாமல் இந்தச் சிக்னலே பிடித்து வைக்கும். வரிசை பாலத்தின்மேல் நிற்பதற்குப் பதில் பாலத்துக்கு வெளியே நிற்கும்; பாலத்தின்மேல் ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். கார்க்காரருக்கு மொத்தக் காத்திருப்பு ஏறத்தாழ அதேதான். நிற்கும் இடம்தான் மாறும். தடம் வரிசையின் வாலுக்கு முன்பே தொடங்காவிட்டால், பஸ் தன் தடத்தின் வாசலைத் தொடுவதற்கே வரிசையில் காத்துக்கிடக்கும். இந்தப் பிழை வரைபடத்தில் தெரியாது, மாலை ஆறு மணிக்குத்தான் தெரியும்.

ஈரடுக்கு மேம்பாலத்துக்கும் இதே வழிதான். மேலடுக்கை அகலப்படுத்த முடியாது. கீழடுக்கு சைக்கிள் போன்ற சிறு வண்டிகளுக்கானது. இருசக்கர வண்டிகளில் எவ்வளவைக் கீழே இறக்க முடியுமோ அவ்வளவு மேலே இடம் கிடைக்கும். இதற்கு அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. கீழடுக்கின் இரு முனையிலும் வெளிச்சம், தண்ணீர் தேங்காத தரை, எதிர்த்திசையில் வருவோரைப் பிரிக்கும் நடுத்தடுப்பு இவை இல்லாவிட்டால் யாரும் இறங்கமாட்டார்கள்.

கேட்டு விஷயத்தில் சமரசமே வேண்டாம். விரைவுத் தடம் ரயில்வே கேட்டைத் தாண்டக்கூடாது. 5 நிமிஷத்துக்கு ஒரு பஸ் விடுகிறீர்கள், கேட் 8 நிமிஷம் அடைகிறது என்று வையுங்கள். முதல் பஸ் நிற்கும்போதே இரண்டாவதும் வந்து சேரும். திறந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். முன்னது பிதுங்கும், பின்னது காலியாக வரும். அடுத்த முனையில் திரும்பும்போதும் அந்த ஜோடி பிரியாது. குலவணிகர்புரத்தில் மேம்பாலம் வரும்வரை அந்தப் பக்கத்து மேலப்பாளையம் மக்களுக்குத் தனி இணைப்பு பஸ் விடலாம். பிரதான தடத்தை அந்தப் பக்கம் நீட்டக்கூடாது.

ஜங்ஷனில் முடிக்காதீர்கள்

மையத்தில் பெரிய பஸ் நிலையம் இருக்கிறது, ஆகவே எல்லாப் பஸ்ஸும் அங்கே போய் முடியட்டும் என்பது பழைய பழக்கம். இடத்தைக் கணக்குப் போட்டால் அதன் விலை தெரியும்.

ஜங்ஷனில் நடையை முடிக்கும் ஒரு பஸ் திரும்பிக் கிளம்ப 12 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். ஒரு நிறுத்துமிடத்தில் மணிக்கு 5 பஸ். மணிக்கு 60 பஸ் வந்தால் 12 நிறுத்துமிடம் வேண்டும். அதே பஸ் ஜங்ஷனில் ஆளை ஏற்றி இறக்கிவிட்டு மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நிற்கும் நேரம் 20 வினாடி, உள்ளே வந்து வெளியேற 13 வினாடி, ஆக 33. நிறுத்துமிடம் எப்போதும் நிரம்பியே இருந்தால் பின்னால் வரிசை கட்டும். ஆகவே மணிநேரத்தில் 40 சதவீத நேரம் மட்டுமே அது நிரம்பியிருக்கலாம் என்பது தனித்தடப் பஸ் திட்டங்களில் வழக்கமான அளவு. 3600 வினாடியில் 40 சதவீதம் 1440. அதை 33-ஆல் வகுத்தால் 43 பஸ். 60 பஸ்ஸுக்கு இரண்டே நிறுத்துமிடம். மையத்தில் 10 நிறுத்துமிடத்துக்கான நிலம் மிச்சம்.

ஆகவே நடை முடிய வேண்டியது ஊரின் விளிம்புகளில். ஒரு தடம் பேட்டையில் தொடங்கி டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை வழியாக கே.டி.சி. நகர் வரை. இன்னொன்று தச்சநல்லூரில் தொடங்கி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, தெற்குப் புறவழிச்சாலை வழியாக வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையம் வரை. இரண்டும் ஜங்ஷன் முதல் வண்ணார்பேட்டை வரை, அதாவது ஆற்றுப்பாலம் உட்பட, ஒரே தடத்தில் ஓடும். வெளியூர்ப் பஸ்கள் புதிய பஸ் நிலையத்தில் நின்றுவிடுவதால் அங்கிருந்து டவுனுக்குப் போகிறவர் எப்படியும் பஸ் மாறத்தான் வேண்டும். அந்த மாற்றம் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். ஜங்ஷனில் இரண்டு தடத்துக்கும் ஒரே மேடை அமைந்தால் மாறுவதற்குச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

பொதுப் பகுதியில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு தடமும் தலா 5 நிமிஷத்துக்கு ஒன்று என்றால் பாலத்தின்மேல் இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும் என்று நினைப்போம். இரண்டு முனையிலும் ஒரே நிமிஷத்தில் கிளப்பினால் அவை பாலத்தில் ஜோடியாகத்தான் வந்து நிற்கும். முனையில் கிளம்பும் நேரத்தை ஜங்ஷனை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒன்றுக்கொன்று இரண்டரை நிமிஷம் தள்ளிவிடுங்கள்.

ஆள் கணக்கு

கண்டக்டரின் டிக்கெட் மெஷினில் இருக்கும் பதிவு நல்ல தொடக்கம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணச்சீட்டும் மெஷினிலிருந்துதான் வருகிறது என்பதால் அந்த எண்ணிக்கையும் கிடைக்கும். ஆனால் பாஸ் வைத்திருக்கும் மாணவர்கள் அதில் ஒழுங்காக வரமாட்டார்கள். பள்ளியும் கல்லூரியும் அடர்ந்த பாளையங்கோட்டையில் அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் காலை எட்டே கால் மணிக் கூட்டமே காணாமல் போகும். தனியார் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோ கணக்கும் அந்த மெஷினில் கிடையாது. ஆகவே ஆளை வைத்து எண்ணவேண்டும். பஸ்ஸுக்கு இரண்டு பேர், வாசலுக்கு ஒருவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர், இறங்கியவர். இவ்விரண்டையும் கூட்டிக் கழித்தால் எந்த இரு நிறுத்தங்களுக்கு நடுவே பஸ்ஸில் அதிகம் பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும். பஸ்ஸின் எண்ணிக்கையை அந்த ஓர் இடம்தான் முடிவுசெய்யும். நாளொன்றுக்கு மொத்தம் எத்தனை லட்சம் என்ற எண் செய்தித்தாளுக்கு மட்டும் உதவும்.

அதே பஸ்ஸில் மூன்றாவது ஆள் ஒருவர் நேரத்தை எழுதட்டும். பஸ் எங்கெல்லாம் நின்றது, எத்தனை வினாடி, எதனால்: ஆள் ஏற்றம், சிக்னல், நெரிசல், கேட், டைம் கீப்பரிடம் கையெழுத்து, கலெக்‌ஷனுக்காக ஆள் வரட்டும் என்று டிரைவர் தானே நிறுத்தியது. கடைசிக் காரணத்தைத் தனியாக எழுதுவது அவசியம். அதற்கு மருந்து தனித்தடம் அல்ல, சம்பள முறையும் கால அட்டவணையும். அதைச் சிமெண்டால் தீர்க்கப் பார்த்தால் காசுதான் வீண்.

கட்டணத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. புதிய விரைவுப் பஸ் அந்தத் திட்டத்தில் சேராவிட்டால், எண்ணி வைத்த பெண் பயணிகளில் பெரும்பகுதி பழைய பஸ்ஸுக்கே காத்து நிற்பார்கள். ஐந்து நிமிஷ லாபத்துக்காக தினமும் காசு கொடுக்க வேண்டும் என்றால் யாரும் யோசிப்பார்கள். திட்ட அறிக்கையில் முதலில் தப்பாகும் எண் இதுதான்.

அகலம்

சாலையின் சராசரி அகலம் என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள். பஸ் சராசரியில் ஓடாது. 25 மீட்டருக்கு ஒரு குறுக்களவு, கட்டடச் சுவரிலிருந்து எதிர்க் கட்டடச் சுவர் வரை எடுங்கள். ஒவ்வொன்றிலும் கடைப்படி, மேற்கூரை, டிரான்ஸ்ஃபார்மர், சாக்கடை மூடி, தெருமுனைப் பிள்ளையார், ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் குறிக்கப்பட வேண்டும். பிறகு அதை நகர நில அளவைப் பதிவேட்டோடு (டி.எஸ்.எல்.ஆர்.) ஒப்பிடுங்கள். பதிவேட்டில் சாலை 18 மீட்டர், தரையில் 15 மீட்டர் என்றால் அந்த 3 மீட்டர் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி எழும். சட்டப்படி மீட்க முடிவது எது, இழப்பீடு கொடுத்து வாங்கவேண்டியது எது என்று இரண்டு நிறத்தில் பிரித்துவிட்டால் பிறகு பேசுவது எளிது.

நடுவில் பஸ் தடம் உள்ள சாலைக்கு எவ்வளவு வேண்டும்? பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை. ஒரு தடம் 3.5. இரு திசைக்கும் 7. நிறுத்தத்தில் மேடை 3, எதிர்ப்பக்கம் பிரிக்கும் திண்டு அரை மீட்டர். ஆக நடுப்பகுதி மட்டும் 10.5. மற்ற வண்டிகளுக்கு இருபுறமும் ஒரு தடம் என்றால் 7, இரண்டு தடம் என்றால் 12. நடைபாதை இருபுறமும் தலா 2. கூட்டினால் 21.5 அல்லது 26.5 மீட்டர். நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது இருக்கவேண்டும். அதை வெட்டி வண்டிக்குக் கொடுத்தால் நடப்பவர் பஸ் தடத்தில் இறங்கி நடப்பார், பஸ் அவர் வேகத்தில் பின்னால் வரும்.

21.5-கூட இல்லாத இடங்கள்தான் இங்கே அதிகம். அதற்காகத் தடத்தைக் கைவிட வேண்டியதில்லை. காலையில் எந்தத் திசையில் வரிசை நீள்கிறதோ அந்தத் திசைக்கு மட்டும் பஸ் தடம் போடலாம். போக ஒரு தெரு, வர அடுத்த தெரு என்று பிரிக்கலாம்; ஆனால் இரண்டுக்கும் நடுவே 150 மீட்டருக்கு மேல் இருந்தால் இறங்கிய இடத்தில் ஏற முடியாமல் முதியவர்கள் திண்டாடுவார்கள். இன்னும் குறுகலான துண்டில் பஸ்ஸும் நடப்பவரும் மட்டும் என்று சில மணிநேரம் ஒதுக்கி, சரக்கு இறக்குவதைக் காலை 8-க்கு முன்னும் இரவு 9-க்குப் பின்னும் வைக்கலாம். ஓரத்தில் பெயின்ட்டால் கோடு கிழித்து "பஸ்ஸுக்கு மட்டும்" என்று எழுதுவது மட்டும் வேண்டாம். ஓரத்தடத்தில்தான் ஆட்டோ நிற்கும், கடை முன்னால் பைக் நிற்கும், இடப்பக்கம் திரும்பும் வண்டி எல்லாம் குறுக்கே வரும்.

டவுன்: ரத வீதிகளைச் சுற்றாதீர்கள்

எஸ்.என். ஹைரோடு வழியாக டவுனுக்குள் வந்ததும் நான்கு ரத வீதியையும் ஒருவழிச் சுற்றாக விட்டால் எல்லாக் கடைக்கும் பஸ் போகுமே என்று தோன்றும். வரைபடத்தில் லட்சணமாகவும் இருக்கும். ஆனால் மேல ரத வீதியில் ஏறிய ஆள் ஜங்ஷன் போக முதலில் எதிர்த்திசையில் ஊரைச் சுற்றவேண்டும். பேட்டையிலிருந்து வருகிறவர் தனக்குத் தேவையில்லாத மூன்று வீதியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கத்து வீதியை மட்டும் தொட்டுக்கொண்டு பேட்டைக்குப் போய்விடுவது நல்லது. நடையின் வேகம் நிமிஷத்துக்கு 80 மீட்டர் என்று கொண்டால் 400 மீட்டர் ஐந்து நிமிஷம். டவுனின் நுழைவு வளைவான ஆர்ச்சிலும் வாகையடி முனையிலும் நிறுத்தம் இருந்தால் கீழ ரத வீதி அல்வாக் கடையும் கோயில் சந்நிதியும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். நிழல் இருந்தால்தான் மக்கள் அந்த 400 மீட்டரை நடப்பார்கள் என்பதையும் நெல்லை வெயிலில் கணக்கில் எடுங்கள்.

திருவிழாவைத் திட்டத்துக்குள்ளேயே எழுதிவிடவேண்டும். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதி தேருக்குச் சொந்தம். ஆகவே அந்த வீதிகளில் நடுத்திண்டு, உயர்ந்த மேடை, குறுக்குக் கம்பி எதுவும் நிரந்தரமாக வைக்கக்கூடாது. தேர்ச் சக்கரத்தின் பாரம் ஏறும் இடத்தில் சாக்கடை மூடியும் மழைநீர்க் கால்வாய்ச் சிலாபும் பஸ்ஸுக்கு மட்டும் தாங்கும் தரத்தில் இருந்தால் உடையும். தசராவில் பாளையில் 12 சப்பரங்கள் புறப்படும். அந்த இரவுகளுக்கும் மாற்றுவழி அட்டவணை முன்பே அச்சாகி டிரைவர் கையில் இருக்கவேண்டும். அந்தந்த நாளில் போலீஸ் சொல்லும் வழியில் போய்க்கொள்ளலாம் என்று விட்டால், பயணி எங்கே நின்று காத்திருப்பது?

மேடையும் கதவும்

அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய ஜன்மார்க் விரைவுப் பஸ் தடத்தில் நிலையம் சாலையின் நடுவில். பஸ்ஸுக்கு வலப்பக்கக் கதவு. ஒரே மேடை இரண்டு திசைக்கும் உதவும், இடம் மிச்சம். ஆனால் அந்தப் பஸ் தடத்தை விட்டு வெளியே போனால் சாதாரண நிறுத்தத்தில் ஆளை ஏற்ற இடப்பக்கமும் கதவு வேண்டும். நம் தடத்தின் பஸ்கள் மையத்தைத் தாண்டி சாதாரணச் சாலையிலும் ஓடப்போகின்றன. ஆகவே இடப்பக்கக் கதவையே வைத்துக்கொண்டு, மேடையை பஸ் தடத்துக்கும் மற்ற வண்டிகளின் தடத்துக்கும் நடுவில் அமைக்கலாம். இரு திசை மேடைகளையும் எதிரெதிரே வைக்காமல் சந்திப்பின் இரு பக்கமாகத் தள்ளி வைத்தால் எந்த ஒரு குறுக்களவிலும் ஒரு மேடைக்கான 3 மீட்டர் மட்டுமே போகும். மேலே கணக்கில் ஒரே மேடையைச் சேர்த்தது இதனால்தான்.

மேடையின் உயரம் பஸ் தளத்தோடு பொருந்தவேண்டும். தாழ்தளப் பஸ் என்றால் தளம் சுமார் 400 மில்லிமீட்டர். சாதாரணப் பஸ் 650-லிருந்து 900 வரை. பஸ் வாங்கும் டெண்டரும் மேடை கட்டும் டெண்டரும் தனித்தனி அலுவலகத்தில் போனால் இரண்டும் பொருந்தாமல் போவது வழக்கமான கதை. தளமும் மேடையும் சமமாக இருந்தால் ஓர் ஆள் ஏற ஒரு வினாடிக்குச் சற்று மேல். படி ஏறினால் அதைப்போல் இரண்டு மடங்கு. கையில் பையும் குழந்தையும் இருந்தால் இன்னும் அதிகம். சந்திப்பு உள்ள இடத்தில் நிறுத்தம் சிக்னலைத் தாண்டிய பிறகு 30 முதல் 60 மீட்டரில் வரட்டும். சிக்னலுக்கு முன்னால் வைத்தால், ஆள் ஏற்றி முடித்ததும் சிவப்பு விழும்.

சந்திப்புகள்

நடுத்தடத்துக்கு எதிரி வலப்பக்கம் திரும்பும் வண்டி. ஒவ்வொரு வலத்திருப்பமும் சிக்னலில் ஒரு தனிக் கட்டம் கேட்கும்; கட்டம் கூடினால் சுற்று நீளும்; சுற்று நீண்டால் பஸ்ஸும் சேர்ந்து காத்திருக்கும். டெல்லியில் 2008-ல் திறந்த 5.8 கிலோமீட்டர் பஸ் தடத்துக்கு நீண்ட சிக்னல் சுற்றுகளே பெரிய தலைவலி. கார்க்காரரும் கொதித்தார், பஸ் பயணிக்கும் எதிர்பார்த்த லாபம் வரவில்லை. கடைசியில் இடித்தே விட்டார்கள். முடிந்த இடங்களில் எல்லாம் வலத்திருப்பத்தைத் தடைசெய்து, முன்னால் போய் யூ-டர்ன் அடிக்கவோ இடப்புறமாக ஒரு சுற்று வரவோ விடுங்கள். சுற்று 90 வினாடிக்குள் அடங்கட்டும். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் பஸ் மற்ற வண்டிகளோடு வளைந்து போவதைவிட, உள்ளே சுழலும் ஓட்டத்தைச் சிக்னலால் சில வினாடி பிடித்துப் பஸ்ஸை விடுவது நல்லது. சுழற்சிக்குள் நிறுத்தம் வைக்கவே கூடாது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் 108-க்குப் பஸ் தடத்தில் அனுமதி கொடுங்கள். வேறு யாருக்கும், எந்தக் கொடி வைத்த காருக்கும், வேண்டாம்.

நேரம் எங்கே மிச்சமாகிறது

10 கிலோமீட்டர் தடம், மணிக்கு 12 கி.மீ. என்றால் ஒரு நடைக்கு 50 நிமிஷம். முனையில் தலா 5 நிமிஷ ஓய்வு சேர்த்துப் போய்வர 110. 5 நிமிஷத்துக்கு ஒரு பஸ் விட 22 பஸ். வேகம் 16 ஆனால் நடை முப்பத்தேழரை நிமிஷம், போய்வர 85, பஸ் 17. அதே சேவை, ஐந்து பஸ் குறைவு. அந்த ஐந்துக்கான இரண்டு ஷிஃப்டு டிரைவர், கண்டக்டர், டீசல் எல்லாம் மிச்சம். ஸ்பேர் பஸ் பத்து சதவீதம் இதற்கு மேல்.

அந்தப் பன்னிரண்டரை நிமிஷம் எங்கிருந்து வரும்? நிறுத்தங்களை 25-லிருந்து 16 ஆக்கினால், ஒரு நிறுத்தத்துக்கு (வேகம் குறைத்து, நின்று, மறுபடி எடுக்க) 35 வினாடி வீதம் ஐந்தே கால் நிமிஷம். எட்டு சிக்னலில் சராசரி 40 வினாடிக் காத்திருப்பைப் பாதியாக்கினால் இரண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். மீதி நாலரை நிமிஷம் பாலத்தின் வாயிலும் மேம்பாலத்தின் வாயிலும்தான் கிடைக்கவேண்டும். டிரைவரை வேகமாக ஓட்டச் சொல்வதில் இதில் ஒரு வினாடிகூட வராது.

தண்ணீர்

2023 டிசம்பர் 17, 18 மழையில் ஜங்ஷன் பஸ் நிலையப் பகுதி மூழ்கியது. அந்த வெள்ளம் ஏறிய மட்டத்தை ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கேட்டு, சுவரில் கறை இருந்தால் அளந்து, மின்பெட்டியும் சிக்னல் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதற்கு மேல் 600 மில்லிமீட்டராவது இருக்கும்படி வையுங்கள். சின்ன மழைக்கே தகராறு செய்வது பிரிக்கும் திண்டுதான். தொடர்ச்சியாகக் கட்டினால் சாலை குறுக்கே அணை போட்டதாகிவிடும். 3 முதல் 5 மீட்டருக்கு ஒரு 300 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். உயரம் 150 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பைக் ஏறும். பழுதாகி நின்ற பஸ்ஸை மற்றது தாண்டிப் போக 300 மீட்டருக்கு ஒரு திறப்பும் வேண்டும்.

இப்போது வண்டி

இவ்வளவும் முடிந்தபின் உங்கள் கையில் ஓர் எண் இருக்கும்: உச்ச மணியில், அதிகக் கூட்டமுள்ள இடத்தில், ஒரு திசையில் எத்தனை பேர். 70 பேர் ஏறும் 12 மீட்டர் பஸ், மணிக்கு 60 என்றால் 4,200. மேலே ஒயர் இழுத்து ரப்பர் டயரில் ஓடும் மெட்ரோநியோவுக்கு மத்திய அரசின் வழிகாட்டி சொல்லும் உச்சம் 8,000, தண்டவாளத்தில் ஓடும் சிறு மெட்ரோவான மெட்ரோலைட்டுக்கு 15,000. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி மக்கள்தொகை 4.73 லட்சம். 2017 மெட்ரோ ரயில் கொள்கை, மற்ற வழிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மெட்ரோ கேட்கச் சொல்கிறது. சென்னை இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். மெட்ரோநியோ என்றால் ரத வீதியில் தேருக்காகக் கம்பியைக் கழற்றி மாட்டும் வேலையும் சேரும். அந்தத் துண்டில் பேட்டரியில் ஓடும் வண்டியாகப் பார்க்கவேண்டும். இப்போதைக்குப் பஸ் போதும் என்பது எங்கள் கருத்து. நாளைக்குக் கூட்டம் பெருகினால் மாற்ற வசதியாகப் பாலத்தின் வாயிலும் ஜங்ஷனிலும் வாங்கிய அகலத்தை வேறு எதற்கும் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள்.

சிமெண்ட் கொட்டுவதற்கு முன்

வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே மட்டும் பேரிகார்டும் கூம்பும் வைத்து மூன்று வாரம் ஓட்டிப் பாருங்கள். மே மாதம் வேண்டாம், பள்ளி விடுமுறை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வேண்டாம். பிப்ரவரி தோது. முதல் வாரத்தின் எண்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்போது எல்லாரும் குழம்புவார்கள், போலீஸும் கூடுதலாக நிற்கும். அடுத்த இரண்டு வாரத்தில் மாலை 5.30 முதல் 6.30 வரையிலான ஒவ்வொரு நடையின் நேரத்தையும் எழுதி, வேகமானதிலிருந்து மெதுவானதுவரை வரிசைப்படுத்துங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், பத்து நடையில் ஒன்பதாவதாக வருவதைப் பாருங்கள். கால அட்டவணை அதை வைத்துத்தான் எழுதப்படும். அந்த எண் குறையாவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது தடத்தின் தொடக்கம்: வரிசையின் வால் பேரிகார்டைத் தாண்டிப் பின்னால் நிற்கும். இன்னும் 40 மீட்டர் பின்னால் நகர்த்தி, மறுவாரம் மறுபடி அளந்துவிட்டு டெண்டருக்குப் போங்கள்.